கிராம சபையில் எழுந்தால் பேச்சு வரவில்லை, என்ன செய்வது?

மேலத்தெரு:
எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 2 கிராம சபையில், எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒழுங்காக வராததைப் பற்றிப் பேச எழுந்தேன். வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன், ஆனால் மைக் கைக்கு வந்ததும் நடுக்கம் வந்து, போன வருஷம் பைப் போட்டதில் ஆரம்பித்து, மோட்டார் ரிப்பேர், வாய்க்கால் என்று எங்கெங்கோ போய், நடுவில் தலைவர் "சரிம்மா, பார்க்கலாம், உட்காரு" என்றதும் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நவம்பர் 1 மறுபடியும் சபை. பயம் போக வழி சொல்லுங்கள்.

வாத்தியார்72:
பயம் போகாதும்மா. முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான், ஆண்டு விழா மேடையில் ஏறினால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களைக் கவிழ்த்தது பேச்சின் வரிசை. கோரிக்கையைக் கடைசியில் வைத்தீர்கள், அங்கே போய்ச் சேருவதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். என்ன வேண்டும் என்பதை எடுத்ததுமே கேளுங்கள், பைப் கதையெல்லாம் அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மனப்பாடமும் வேண்டாம், ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்.

சவுண்ட் சர்வீஸ்:
மைக் செட் போடுகிறவன் என்ற முறையில் ஒன்று. புதிதாகப் பேசுகிறவர்கள் மைக்கை நெஞ்சுக்கு இறக்கிவிடுவார்கள், குரல் கேட்காது, உடனே கத்துவார்கள், கத்தினால் மூச்சு வாங்கும், கேட்கிறவனுக்கு அழுகிற மாதிரி இருக்கும். வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். வாங்கியதும் ஒரு மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தட்டிப் பார்ப்பதும் "ஹலோ ஹலோ"வும் வேண்டாம், அது எங்கள் வேலை.

கருவேலம்:
பட்டிமன்றமா நடக்கிறது அங்கே? எவ்வளவு அழகாகப் பேசினாலும் தீர்மான நோட்டில் ஏறாவிட்டால் என்ன பிரயோஜனம், இதை விட்டால் அடுத்த சபை ஜனவரி 26தான். முந்தின நாளே தெருவில் நாலு பேரைப் பார்த்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், ஊராட்சிச் செயலரிடம் மனுவாகவும் கொடுத்துவிடுங்கள். தலைவரிடம் "நீங்க ஒண்ணுமே செய்யல" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார், தண்ணீர்ப் பேச்சு அதோடு போச்சு. உட்காரச் சொன்னால், குரலை ஏற்றாமல், "தீர்மானத்துல எழுதிட்டீங்கன்னா உட்கார்ந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பற்றாளர் என்று ஒரு அதிகாரி வந்திருப்பார், அவர் முகத்தையும் பார்த்துப் பேசுங்கள்.

மேலத்தெரு:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. எழுதிப் பார்த்தேன்: "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மேலத்தெருவுக்குத் தினமும் தண்ணீர் விடத் தீர்மானம் போட வேண்டும். 42 வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறது, அதுவும் மிகவும் குறைவாகவே வருகிறது." சரியா?

வாத்தியார்72:
"எல்லோருக்கும் வணக்கம்" போதும், அந்த அவர்களே எல்லாவற்றையும் வெட்டுங்கள். 42 வீடு என்பதை நிறுத்திச் சொல்லுங்கள். "மிகவும் குறைவாக" என்றால் எவ்வளவு?

மேலத்தெரு:
வீட்டுக்கு ஆறு குடம் ஐயா. கடைசி வீட்டுப் பாட்டிக்கு இரண்டுதான் கிடைக்கும்.

வாத்தியார்72:
அப்போ "குறைவாக"வை எடுத்துவிட்டு அந்த இரண்டு குடத்தைப் போடுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.