நனைத்து வைத்த இலை

பாளையங்கோட்டைக்காரி:

க்ரைம் கதை எழுதப் போய் யார் யாரிடம் மாட்டினீர்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் தெரு ஏட்டையாதான். நான் மாமா என்று கூப்பிடுவேன். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆகிறது, சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டராகவே உட்கார்ந்திருந்தவர், அதனால் திருடனை விரட்டிப் பிடித்த கதையெல்லாம் அவரிடம் கிடையாது, எல்லாம் காகிதக் கதைதான். என் முதல் டிராஃப்டை அவரிடம் கொடுத்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பெண் டிடெக்டிவ். மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்று கல்யாண விசாரணை செய்வதில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. ஒரு நாள் ஒரு தாய் வந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் கிடந்த என் மகள் எப்படிச் செத்தாள் என்று கேட்கிறாள். என் டிடெக்டிவ் நேராக ஸ்டேஷனுக்குப் போகிறாள், இன்ஸ்பெக்டர் டீ சொல்லிவிட்டு ஃபைலை எடுத்து நீட்டுகிறார்.

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மாமா சிரித்த சிரிப்புக்கு அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏ தாயி, ஃபைலக் குடுக்கானா? வாசப்படியில நிக்க விடுவானான்னு கேளு மொதல்ல."

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம். நம் நாட்டில் தனியார் துப்பறிவாளருக்கு என்று லைசென்ஸும் இல்லை, தனி அதிகாரமும் இல்லை. 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள், அது சட்டமாகவே இல்லை. ஆக, யாரையும் உட்கார வைத்து விசாரிக்க அவளால் முடியாது. செத்தவளின் போன் கால் விவரங்களை யாரையாவது பிடித்து எடுத்தால் இவள்தான் முதலில் உள்ளே போவாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மற்ற காகிதமோ எது வேண்டுமானாலும் தாய் தகப்பன் எழுதிக் கேட்டு வாங்கித்தான் இவள் கைக்கு வர வேண்டும். கதையில் செத்தவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் என்று எழுதிவிட்டு, அதன் பிறகு அதை நானே மறந்திருந்தேன். மாமா விடவில்லை. "ஏழு வருசத்துக்குள்ளன்னா ஆர்.டி.ஓ. விசாரணை உண்டே, அவர எங்க காணும்?" வருவாய்க் கோட்டாட்சியரைத்தான் அப்படிச் சொல்கிறார். சந்தேக மரணம் என்றால் அவர் வாயில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவுதான் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 194 ஆகிவிட்டது, சொன்னால், "நம்பர மாத்துனா கெணறு மாறிருமா" என்கிறார். கடைசியில் ஃபைலை மூடும்போது எழுதுகிற வரியையும் சொன்னார்: மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. தன் கையாலேயே எத்தனையோ முறை எழுதியிருக்கிறாராம். "அந்த மூணு வார்த்தைக்குக் கீழதான் உன் கத கெடக்கு, நீ என்னன்னா இன்ஸ்பெக்டரோட டீ குடிச்சிட்டு இருக்க."

சரி, ஸ்டேஷன் கதவு சாத்தியாச்சு. அப்படியென்றால் அவள் எங்கேதான் போவாள்?

இது முக்கூடல் பக்கம் பெரியம்மை வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மடியில் தட்டு, தட்டில் தூள், தகர அளவை இலை மேல் வைத்துக் கத்தரியால் நறுக்கிப் போட்டுக்கொண்டே பேச்சு. கை தனியாக ஓடுகிறது, வாய் தனியாக ஓடுகிறது, யாரும் கையைப் பார்ப்பதே இல்லை. நான் கதையைச் சொன்னேன். செத்தவளும் பீடி சுற்றுகிறவள்தான் என்று வைத்திருந்தேன், உள்ளூர் வாசனைக்காக, வேறு ஒரு காரணமும் இல்லை. அதில் ஒரு அக்கா கேட்டாள், "அவ ராத்திரி இலைய நனைச்சு வச்சிருந்தாளா இல்லியா?"

எனக்குப் புரியவில்லை. கடையிலிருந்து வாங்கி வருகிற இலை காய்ந்து கிடக்கும், அப்படியே வெட்டினால் நொறுங்கும். முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் நனைத்து ஈரத்துணியிலோ சாக்கிலோ சுருட்டி வைத்தால்தான் காலையில் கத்தரி போட முடியும். படுக்கப் போவதற்கு முன்னால் கடைசி வேலை அதுதான்.

"சாகப் போறவ நாளைக்கு எதுக்குளா இலைய நனைக்கா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியம்மையின் கை மட்டும் ஒரு பீடி அளவுக்கு நின்று, மறுபடி ஓடியது.

கேஸை உடைத்துவிட்ட மிதப்பில் ஊருக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "நனைச்சு வச்சவளும் செத்திருக்கா தாயி. மனசு ஒரு பக்கம் இருக்கும், கை அது பாட்டுக்கு நனைக்கும். கோர்ட்டுல இது நிக்காது." எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம்தான். இப்போது யோசித்தால் கதையை அதுதான் காப்பாற்றியது. இலை எதையும் நிரூபிக்கவில்லை, என் டிடெக்டிவை அந்த ஊரை விட்டுக் கிளம்பவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் விழும்போது உயிர் இருந்ததா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையில் நுண்பாசி தேடுகிற பரிசோதனையெல்லாம் உண்டு, ஆனால் அன்றைக்கே எடுத்து அனுப்பியிருக்க வேண்டும், மூன்று வருஷம் கழித்து மாடி ஆபீஸில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. அவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தத் தார்சாவில் அவளால் போய் உட்கார முடியும். நம் கதைகளில் பெண் துப்பறிவாளர் என்றாலே ஜீன்ஸ், துப்பாக்கி, கராத்தே என்று போகிறார்கள். அந்த நாலு பேர் நடுவில் ஒரு ஆண் போய் உட்கார்ந்திருந்தால் இலைப் பேச்சு வந்திருக்குமா?

தென்காசிப் பக்கத்துக்காரன்:

எனக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனால் மானம் போய்விட்டது. என் கதையிலும் ஒரு பெண் துப்பறிவாளர்தான். பிணம் வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாயில் மிதக்கிறது, சித்திரை மாதம், நிலா வெளிச்சம். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் அண்ணாச்சி ஒருவர் படித்துவிட்டு, "பிசான நெல்ல அறுத்துக் கால்வாய அடைச்சாச்சு. அடுத்த கார் நெல் சாகுபடிக்கு ஜூன் 1 வாக்குல தொறந்தாத்தான் தண்ணி, அதுவும் பாபநாசம் அணையில கெடந்தா. உம்ம பொணம் எதுல மெதந்துச்சு, மணல்லயா?" என்றார்.

பிணத்தை ஐப்பசிக்கு மாற்றினேன். மாற்றியதும் மழை வந்து காலடித் தடம், டயர் தடம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது, நாற்பது பக்கம் வீண். அதன் பிறகு என் துப்பறிவாளர் அம்மாவும் வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் பேசத்தான் போனாள். மேலே சொன்ன தார்சாவைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

பெயர் வேண்டாமே:

நான் கதை எழுதுகிறவள் இல்லை, அந்த வேலையைப் பார்த்தவள். ஒரு ஏஜென்சிக்காக இரண்டு வருஷம் ஊர் ஊராகக் கல்யாண விசாரணைக்குப் போனேன். தவணைக்குச் சேலை விற்கிறவளாகப் போவேன், வெயிலுக்கு மோர் கூடக் கொடுப்பார்கள். ஆனால் இங்கே யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தெருவுக்குள் போனாலும் சேலையைப் பிரிப்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, "யாரு வீட்டுப் பொண்ணு நீ, எந்த ஊரு?" அது முடிந்ததும் கொஞ்சம் குரலை இறக்கி, "நீங்க என்ன ஆளுக?" பெயரை மாற்றிச் சொல்லலாம், தொழிலை மாற்றிச் சொல்லலாம், இந்தக் கேள்விக்குப் பொய் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள், ஏனென்றால் அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு கொழுந்தியாளோ சம்பந்தியோ கட்டாயம் இருப்பார்கள். சில தெருக்களில் அந்தக் கேள்வியோடு மோர் நின்றுவிடும். அதைச் சந்திக்காமல் ஒரு பெண் துப்பறிவாளர் ஊர் ஊராகச் சுற்றுகிறாள் என்றால் அவள் நம் ஜில்லாவில் சுற்றவில்லை.

மரணம் என்று ஏஜென்சியில் நாங்கள் எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை ஒரு அம்மா மஞ்சப்பையில் காகிதங்களோடு வந்தார்கள். மகள். முடிந்துபோன கேஸ். எங்களால் முடியாது என்று சொல்லச் சொன்னது ஏஜென்சி, சொன்னேன். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை இங்கிலீஷில் இருக்கு, படித்து மட்டும் காட்டு மக்கா என்றார்கள். நான் காயங்கள் உள்ள பகுதிக்குப் போனேன். அது வேண்டாம், வக்கீல் ஏற்கனவே சொல்லியாச்சு என்று தடுத்துவிட்டு, "சாப்பிட்டிருந்தாளான்னு போட்டிருக்கா?" என்றார்கள்.

போட்டிருந்தது. வயிற்றில் பாதி செரித்த சோற்றுப் பருக்கைகள்.

"சோறு தின்னிருக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார்கள். கொலையா தற்கொலையா என்று என்னிடம் கேட்கவே இல்லை. பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும் மாற்றிக் கேட்டார்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

ராத்திரி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் கதையில் அந்தத் தாய் முதல் அத்தியாயத்தில் அழுதுவிட்டுப் போனவள், கடைசியில் உண்மையைக் கேட்டு மறுபடி அழத்தான் வருகிறாள். இப்போது அதை எல்லாம் அடித்துவிட்டேன். மஞ்சப்பையையும் அந்தக் கேள்வியையும் கதையில் எடுத்துக்கொள்ளலாமா அக்கா?

பெயர் வேண்டாமே:

எடுத்துக்கோங்க. ஊரை மட்டும் மாத்திருங்க. அப்புறம், அவங்க அழலை. அதையும் அப்படியே எழுதுங்க.