நிலம் இருந்தும் கடன் கிடைக்கவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

கோவை உறுப்பினர்:
லேத் பட்டறையை விரிவாக்கப் பூர்வீக நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டபோதுதான், பத்திரப் பதிவும் உரிமை உறுதியும் வெவ்வேறு என்பது எனக்கு விளங்கியது. நில ஆவணங்களைப் புதுப்பித்த 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரார் யுடிஆர் என்று சொல்வார்களே, அதில் எங்கள் சர்வே எண்ணுக்கான பட்டாவில் பக்கத்து நிலக்காரரின் பெயர் ஏறிவிட்டது. அனுபோகமும் கிரயப் பத்திரமும் எங்களிடம் இருந்தும், வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும், வங்கி வழக்கறிஞர் சாதகமான சட்டக் கருத்துத் தர மறுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று. தாய்ப்பத்திரம் கேட்கும் தமிழ்நாட்டு விதி 55ஏ(1)ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றமும் இதையே கூறியது. ஆகவே அந்த ஆராய்ச்சியை ஒவ்வொரு வங்கியும் வாங்குபவரும் தத்தம் செலவில் முதலிலிருந்து செய்கிறார்கள். பட்டா திருத்த மனு முடியும்வரை தனியாரிடம் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கினேன். கணினி இயக்கும் புதிய சிஎன்சி இயந்திரத்துக்குப் பதில் பழையது ஒன்றுதான் கட்டுப்படியானது.

சிங்கப்பூர் உறுப்பினர்:
இங்கே நான் வீடு வாங்கியபோது பழைய பத்திரங்களைத் தோண்டும் தேவையே எழவில்லை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் முறை இங்கும் உள்ளது. மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கே உரிமை. இந்த நிலத்தில் எனக்கு உரிமைக் கோரிக்கை உண்டு என்று பதிவேட்டில் அறிவிக்கும் கேவியட்டை வழக்கறிஞர் பதிந்ததும், விற்பவர் இடையில் வேறொருவருக்கு விற்றுவிடுவாரோ என்ற கவலையும் நீங்கியது. கோவை நண்பரின் கதையில் யாரும் லஞ்சம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவனத் தரம், அதாவது அரசு அமைப்புகளும் சட்டங்களும் செயல்படும் தரம், என்றாலே ஊழல் ஒழிப்பு என்று பேசுகிறோம். எல்லோரும் நேர்மையாக நடந்தும் அவருடைய முதலீடு சுருங்கியிருக்கிறதே!

மதுரை உறுப்பினர்:
பட்டாவை இணையத்தில் ஏற்றியது பயனுள்ளதுதான், ஆனால் யுடிஆர் பிழையும் அதனுடன் ஏறிவிட்டது. உரிமைக்கு அரசே உத்தரவாதம் தருவதென்றால், பதிவேட்டின் தவறால் நட்டப்பட்டவருக்கு அரசே ஈடு கொடுக்க வேண்டிவரும். ராஜஸ்தான் 2016இல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்றளிக்கும் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் தயங்குவதற்கு ஈடு கொடுக்கும் அந்தப் பொறுப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.