பிக் கேம் ஆட்டத்துக்கு அப்பாவை அழைத்துப்போக வழி சொல்லுங்கள்

பெர்க்லி பக்கம் இருக்கும் நண்பர்களே, ஓர் உதவி. நவம்பரில் இங்கு நடக்கும் பிக் கேமுக்கு, அதாவது ‘கால்’ (பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி) – ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு, அப்பாவை அழைத்துப்போக வேண்டும். 1982 ஆட்டத்தின் கடைசி நான்கு வினாடிகள் அவருக்கு உயிர். பந்து ஐந்து முறை கைமாறி, மைதானத்துக்குள் வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு வாத்தியக் குழுவுக்கு நடுவே ஓடி, கால் 25–20 என்று வென்றதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். வெற்றிபெறும் அணிக்குக் கிடைக்கும் அந்தக் கோடரியை நேரில் பார்க்க வேண்டுமாம்.

முழங்கால் வலியால் அவருக்குப் படி ஏறுவது சிரமம். ஆட்டம் நடக்கும் மெமோரியல் ஸ்டேடியமோ மலையடிவாரத்தில். டவுன்டவுன் பெர்க்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஏற்றம்தான். எந்த வாயிலில் படிகள் குறைவு? எந்தப் பக்கம் கடைசிவரை வெயில் இருக்கும்? வயதானவர்களுடன் போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். டிக்கெட்டை இந்த வாரமே எடுக்க நினைக்கிறேன்.