மாலத்தீவு லைவ்அபோர்ட்: 40 டைவ் அனுபவம் போதுமா? நீரோட்டம், நைட்ராக்ஸ், திரும்பும் விமானம்

கேட்டவர்: அலைவாய்க்கரை

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி கடைசியில் மாலத்தீவில் 7 இரவு லைவ்அபோர்ட் (படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணம்) போகலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். மாலேயில் ஏறி, வாவு, தெற்கு ஆரி, வடக்கு ஆரி பவளத்தீவுக் கூட்டங்களைச் சுற்றி மறுபடி மாலேயில் இறக்கி விடுவார்கள். மொத்தம் 18 டைவ். இருவருக்கும் அட்வான்ஸ்டு டைவர் கார்டு இருக்கிறது. எனக்கு 42 டைவ், மனைவிக்கு 31. எல்லாம் பாண்டிச்சேரியிலும் அந்தமானிலும் செய்தவை. பலமான நீரோட்டத்தில் இறங்கிப் பழக்கமில்லை.

படகுக்காரர்கள் "50 டைவ் இருந்தால் நல்லது" என்கிறார்கள், ஆனால் மறுக்கவில்லை. போகலாமா? நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) கோர்ஸ் செய்துவிட்டுப் போவது அவசியமா, வீண் செலவா? மனைவிக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், அதற்கு என்ன வழி? வெள்ளி காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடியும் என்கிறார்கள். சனிக்கிழமை காலை 7.30 விமானத்தில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

பதில் 1: தோணித்துறை

50 என்ற எண்ணைவிட, அந்த டைவ்களில் என்ன பழகினீர்கள் என்பதுதான் முக்கியம். நடுக்கடலில், பிடிமானம் எதுவும் இல்லாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் ஒரே ஆழத்தில் நிற்க வருமா? நின்றபடியே, படகுக்கு நம் இடத்தைக் காட்டும் மிதவைக் குழாயை மேலே விட வருமா? இறங்கும்போது காது 5 நொடிக்குள் சமனாகுமா? இந்த மூன்றும் வந்தால் 42 போதும். வராவிட்டால் 100 இருந்தாலும் அந்தப் படகில் சிரமம்தான். இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இருவரும் அந்தமானுக்கோ பாண்டிச்சேரிக்கோ ஒரு வார இறுதி போய், இந்த மூன்றை மட்டும் 5, 6 டைவில் பழகி வாருங்கள்.

மாதம் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். தெளிந்த பெருங்கடல் தண்ணீர் கிழக்குப் பக்கக் கால்வாய்கள் வழியாக உள்ளே வரும். சுறாக்கள் அந்த வாய்களில்தான் கூடும். உள்ளே கலங்கிய, உணவு நிறைந்த தண்ணீர் மேற்குப் பக்கம் வெளியேறும். மாண்டா திருக்கைகளை அந்தப் பருவத்தில் ஆரியின் மேற்கு ஓரத்தில் தேட வேண்டும். மே மாதத்துக்கு மேல் இது அப்படியே தலைகீழாகும். ஆகவே பிப்ரவரியில் யாராவது வடமாலேயின் கிழக்கு ஓரத்தை "மாண்டா ஸ்பெஷல்" என்று விற்றால் கேள்வி கேளுங்கள். தெற்கு ஆரியில் திமிங்கலச் சுறா எல்லா மாதமும் உண்டு. ஆனால் பார்ப்பது அன்றைய நாளைப் பொறுத்தது.

அங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் டைவுக்கு முந்தைய விளக்கம் பாதி புரிந்துவிடும். கண்டு என்றால் பவளத்திட்டு வளையத்தின் நடுவே கடல் உள்ளே வெளியே போகும் கால்வாய். திலா என்றால் தண்ணீருக்குள்ளேயே சில மீட்டர் ஆழத்தில் உச்சி முடிந்துவிடும் தனிக்குன்று. கிரி இன்னும் மேலே, மேற்பரப்பை ஒட்டி வரும். டைவுக்குப் போகும் சிறு படகுக்குப் பெயர் அங்கேயும் தோணிதான்.

இனி உங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். வாவுவில் ஃபொத்தேயோ கண்டு மாதிரி இடங்களில் நெகட்டிவ் என்ட்ரி கேட்பார்கள். பிசிடியை (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) முழுக்கக் காலி செய்து, தோணியின் விளிம்பிலிருந்து பின்புறமாகச் சாய்ந்து விழுந்து, மேலே மிதக்காமல் நேரே தலைகீழாக 5 மீட்டருக்கு இறங்க வேண்டும். மேற்பரப்பில் 30 நொடி நின்றால்கூட நீரோட்டம் உங்களைக் கால்வாயின் வாயைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்விடும். டைவ் அங்கேயே முடிந்தது. பிசிடியில் கொஞ்சம் காற்று மிச்சம் இருப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. தோணியில் உட்கார்ந்தபடி இன்ஃப்ளேட்டர் குழாயை உயர்த்திக் காற்றைவிட்டால் முழுதும் போகாது. பட்டனை அழுத்தியபடியே வாயால் உறிஞ்சி வெளியே எடுங்கள், அல்லது பிசிடியை உடம்போடு அழுத்துங்கள். விழுவதற்கு முன் தோணியிலேயே ஒருமுறை காதைச் சமன் செய்துகொள்ளுங்கள்.

உள்ளே வரும் நீரோட்டத்தில்தான் வழிகாட்டி இறக்குவார். வெளியே போகும் நீரோட்டம் கலங்கலாகவும் இருக்கும். சுவர் ஓரத்தில் கீழே இழுக்கவும் செய்யும். நல்ல வழிகாட்டி முதலில் தானே குதித்து, முகமூடி வழியாகக் கீழே பார்த்துவிட்டுத்தான் குழுவை இறக்குவார். நம் கடற்கரையில் நீவாடு (கடல் ஓட்டம்) பார்த்து வலை விடுவதுபோலத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் வேகம். உங்கள் தேதி எங்கே விழுகிறது என்று நாட்காட்டியில் பாருங்கள்.

உள்ளே போனபின் பாறையை ஒட்டியே போங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஓட்டம் குறைவு, இரண்டு மீட்டர் மேலே போனால் கால் ஓயும். எதிர்த்து நீந்தி மூச்சு வாங்கினால் கரியமில வாயு ஏறித் தலைவலி வரும், காற்றும் பறக்கும். மூச்சு வாங்க ஆரம்பித்ததுமே செத்த பாறை ஒன்றை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, வழிகாட்டிக்குச் சைகை காட்டுங்கள்.

பதில் 2: ஓரிங்

நைட்ராக்ஸ் கட்டாயம் செய்யுங்கள். ஒரு நாள் வேலை. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் சட்ட எல்லை. டிகம்ப்ரஷன் டைவுக்கும் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயம் நின்று வரவேண்டிய டைவ்) அனுமதி இல்லை. சுறா கூடும் கால்வாய் வாயோ 25 முதல் 30 மீட்டர். சாதாரணக் காற்றில் 30 மீட்டரில், அப்படி நிற்கத் தேவையில்லாத நேரம் சுமார் 20 நிமிடம்தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று டைவ் என்று அடுக்கும்போது இரண்டாவது, மூன்றாவதில் அது இன்னும் சுருங்கும். 32 சதவீத நைட்ராக்ஸில் அதே ஆழத்தில் ஏறக்குறைய 30 நிமிடம். குழுவில் 14 பேர் நைட்ராக்ஸிலும் நீங்கள் இருவர் மட்டும் காற்றிலும் இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்துக்கு நீங்கள் மட்டும் மேலே வர வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு டைவுக்கும் முன் டேங்கை நீங்களே அளக்க வேண்டும். அனலைசரை முதலில் வெறும் காற்றில் 20.9-க்கு வைத்து, பிறகு வால்வை மெல்லத் திறந்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து படியுங்கள். 32 வந்தால், ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில் அதிகபட்ச ஆழம் 33 மீட்டர். 36 வந்தால் 28 மீட்டர்தான், அதாவது அந்த டேங்கோடு 30-க்கு இறங்கக்கூடாது. வந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். சில மாடல்கள் ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள்.

காற்றுக் கணக்கு இப்படி: மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் டேங்கில் 200 பார் நிரப்பி 60 பாரை ஒதுக்கினால் செலவுக்கு 1680 லிட்டர், அதாவது 21 நிமிடம். 15 லிட்டர் டேங்கில் அதே கணக்கு 26 நிமிடம். பெரும்பாலான படகுகளில் 15 லிட்டர் டேங்க் கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறியபிறகு கேட்டால் இருக்காது. டேங்க் வால்வு டின்னா (ரெகுலேட்டரைத் திருகி மாட்டுவது), ஐஎன்டியா (கவ்வி மாட்டுவது) என்றும் அப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, பலருக்குக் காற்று சீக்கிரம் தீருவதற்குக் காரணம் நுரையீரல் அல்ல, இடுப்பில் இருக்கும் ஈயம். இரண்டு கிலோ அதிகமாகக் கட்டினால் அதைத் தூக்கப் பிசிடியில் காற்று, பெருத்த பிசிடியைத் தள்ளக் காலில் உழைப்பு, உழைப்புக்கு மூச்சு. முதல் நாள் செக் டைவின் முடிவில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, பிசிடியைக் காலி செய்து சாதாரணமாக மூச்சைப் பிடித்து நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். தலை மூழ்கினால் ஒரு கிலோவைக் கழற்றுங்கள். 12 லிட்டர் டேங்கில் 150 பார் காற்று ஏறக்குறைய 2 கிலோ எடை, அதனால் நிறைந்த டேங்கோடு பார்க்கும் சோதனை ஏமாற்றும்.

தோணியில் உங்கள் பிசிடியும் ரெகுலேட்டரும் ஒரே டேங்கில் வாரம் முழுக்க மாட்டியபடி இருக்கும்; அங்கேயே குழாய் கொண்டுவந்து நிரப்புவார்கள். வசதிதான், ஆனால் வால்வை வேறொருவர் மூடித் திறக்கிறார். குதிப்பதற்கு முன் அளவுமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து மறுபடி ஏறினால் வால்வு கால் சுற்றுதான் திறந்திருக்கிறது. மேலே மூச்சு வரும், 25 மீட்டரில் வராது.

அலைவாய்க்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. 15 லிட்டர் டேங்குக்கு இன்றே எழுதுகிறேன். ரீஃப் ஹூக் (நீரோட்டத்தில் பாறையில் மாட்டி நிற்க உதவும் கொக்கி) வாங்கச் சொல்கிறார்கள். அதை எங்கே மாட்டுவது, எப்படிக் கழற்றுவது?

பதில் 3: தோணித்துறை

ஒற்றைக் கொக்கி, ஒன்றரை மீட்டர் கயிறு, மறுமுனையில் கிளிப். கிளிப்பை பிசிடியின் கீழ்ப்பக்க டி வளையத்தில் மாட்டுங்கள். தோள்பட்டையில் மாட்டினால் ஓட்டம் உங்களை ஒருபக்கமாகத் திருப்பும். கொக்கியைப் பாறை விளிம்பிலோ துவாரத்திலோ செருகுங்கள். உயிருள்ள பவளத்தில் வேண்டாம், ஒரு நொடியில் உடைவது வளரப் பல ஆண்டு ஆகும். கயிறு இறுகியதும் பிசிடியில் கொஞ்சம் காற்று விடுங்கள். பாறையிலிருந்து ஒரு மீட்டர் எழும்பி, பட்டம் மாதிரி நிற்பீர்கள். கைகள் இரண்டும் சும்மா இருக்கும்.

முகம் ஓட்டத்தை நேராகப் பார்த்தே இருக்கட்டும். பக்கவாட்டில் திரும்பினால் ஓட்டம் முகமூடியின் விளிம்பைத் தூக்கும். இரண்டாம் நிலை ரெகுலேட்டரின் நடுப்பட்டன் அழுந்திக் காற்று தானே கொட்டவும் தொடங்கும்.

ஆபத்து கழற்றும்போதுதான். தூக்கி நிறுத்த விட்ட காற்று பிசிடியில் இன்னும் இருக்கிறது. அதை மறந்து கொக்கியை எடுத்தால் 28 மீட்டரிலிருந்து மேலே பறப்பீர்கள். ஆகவே முதலில் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள், கயிறு தளர்ந்து நீங்கள் பாறையை நோக்கி இறங்குவது தெரிந்தபின் கொக்கியைக் கையால் பிடித்து எடுங்கள். எடுத்த உடனே சுருட்டிப் பையில் போடுங்கள். தொங்கவிட்டால் அடுத்த பாறையில் அதுவே மாட்டும்.

மிதவைக் குழாயும் ஆளுக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று அல்ல. குழுவை விட்டுப் பிரிந்தால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்து, 5 மீட்டரில் அதை விட வேண்டும். கயிற்றுச் சுருளைக் கையில் மட்டும் பிடியுங்கள், பிசிடியில் கிளிப் போடாதீர்கள். சுருள் சிக்கினால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் குழாயோடு நீங்களும் மேலே போவீர்கள்.

பதில் 4: உப்புக்காற்று

டைவ் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். படகைப் பற்றி இரண்டு கேள்வியை நீங்கள் கேட்டே ஆகவேண்டும்: இரவு முழுக்க யாராவது விழித்துச் சுற்றிவருகிறார்களா? கீழ்த்தள அறைகளிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே, அது எங்கே போய்த் திறக்கிறது? 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து, கீழே தூங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் சுற்று இல்லாததை விசாரணை முக்கியக் காரணமாகச் சொன்னது. கேமரா, டார்ச் பேட்டரியை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஆள் நடமாட்டம் இருக்கும்போது பொது இடத்தில் போடுங்கள். விமானத்தில் அந்த பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

காது. நான்காம் நாள் பயணம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடித்து, துண்டால் வெளியே மட்டும் துடையுங்கள். பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். வெள்ளை வினிகரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சமபங்கு கலந்த சொட்டு மருந்து உதவும், ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு ஆகாது. போவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குமட்டல் மாத்திரை அவோமின் மாதிரியானவை தூக்கம் வரவைக்கும். கரையில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் 28 டிகிரி என்றாலும் தினம் மூன்று டைவில் உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். 3 மில்லிமீட்டர் முழுநீள வெட்சூட், தோணியில் போர்த்த ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட். செருப்பை ஏறும்போதே கூடையில் வாங்கிவைத்துக்கொள்வார்கள், வாரம் முழுக்க வெறுங்கால்தான். மது பாட்டில் எதுவும் பெட்டியில் வேண்டாம், மாலே விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் விசா உண்டு. இமுகா என்ற இணையப் பயணப் படிவத்தை மட்டும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்புங்கள், போகும்போதும் திரும்பும்போதும்.

பதில் 5: ஓரிங்

விமானக் கேள்வி விட்டுப்போயிற்று. வெள்ளி 11 மணியிலிருந்து சனி 7.30 வரை இருபதரை மணி நேரம். பலநாள் தொடர் டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டல், அந்த வகையில் தேறும். ஆனால் ஆறு நாளில் 18 டைவ் செய்த உடம்புக்கு 18 மணி அடிமட்டம். படகுகள் பொதுவாக 24 கேட்கும், பல கம்ப்யூட்டர்களும் 24 மணி நேரத்துக்கு விமானக் குறியைக் காட்டிக்கொண்டே இருக்கும். கடைசி டைவ் தாமதமாகி 12.30-க்கு முடிந்தால் உங்கள் கணக்கு 19-க்கு இறங்கிவிடும்.

டிக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சனிக்கிழமை மதியம் 1 மணிக்குப் பிறகு எடுங்கள். காலை விமானம்தான் என்றால் வெள்ளிக்கிழமை டைவை விட்டுவிட்டு, வியாழன் மாலையோடு கியரைக் கழுவிக் காயப்போட்டுவிடுங்கள். டைவ் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கரைந்த நைட்ரஜனால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை பண்டோஸ் மாதிரி சில தீவுகளில்தான் இருக்கிறது, தெற்கு ஆரியிலிருந்து அங்கே கொண்டுபோகும் படகுச் செலவே பெரிய தொகை. அந்த நோயின் அறிகுறிகளான கை முட்டியில் வலி, தோலில் அரிப்போடு திட்டு, வழக்கமில்லாத அசதி எது வந்தாலும் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.