அம்மாவின் பழைய நம்பர்

அம்மாவுக்கு முதல் சிம் வாங்கிக் கொடுத்தது அத்தான்தான், 2010இல். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடையில் தன் அடையாள அட்டைக் கொப்பியைக் கொடுத்து எடுத்தார். அம்மா புங்குடுதீவில் இருந்தார். தீவுக்குப் போகிற வாணர் பாலம் தாண்டிப் போய் அவருடைய அட்டையை வாங்கி வர யாருக்கும் அன்று நேரமில்லை. பதின்மூன்று வருடம் கழித்து எங்களை அலைய வைத்தது அதுதான்.

ஐந்து போன் கம்பனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்த காலம் அது. விலை விழுந்த வேகத்தில் அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே தலையிட்டு, கம்பனிக்குள் நிமிடத்துக்கு 1.50 ரூபாய், வேறு கம்பனிக்கு 2 ரூபாய் என்று, அதற்குக் கீழே குறைக்கக் கூடாத அடிமட்டக் கட்டணம் போட்டது. அம்மாவின் சிம் மலிவென்று பெயர்பெற்ற ஒரு கம்பனியுடையது. 50 ரூபாய் ரீலோட் அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். அவர் யாருக்கும் எடுப்பதில்லை, வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் அவருக்கு எடுப்பார்கள்.

வீட்டுக்குள் சிக்னல் வராது. ஞாயிறு பின்னேரம் கிணற்றடியில் கதிரையைப் போட்டுக் காத்திருப்பார். பனையோலையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டால்தான் ஊரோடு கதைத்த மாதிரி இருக்கிறது என்று டொரன்டோவில் இருக்கும் அண்ணா சொல்வார்.

2022 செப்டெம்பரில் கட்டணங்கள் 20 வீதம் கூடின. அந்த நேரம்தான் அம்மாவுக்குப் புதுப் போனும், டேட்டா போடுகிற வேறு சிம்மும் வாங்கிக் கொடுத்தேன். பழைய சிம் பட்டன் போனோடு மேசை லாச்சிக்குள் போனது. அதற்கு ரீலோட் பண்ண ஒருவருக்கும் நினைவில்லை, எனக்கும்தான்.

அடுத்த வருடம் வங்கி அலுவல் ஒன்றுக்கு, அங்கே பதிந்திருந்த பழைய நம்பருக்கு ரகசிய எண் வரவேண்டியிருந்தது. வரவில்லை. அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். யாரோ சிங்களத்தில் 'ஹலோ' என்றார்கள்.

கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்ததால் நம்பர் மாறியிருக்கும் என்று அயலில் சொன்னார்கள். அது சரியில்லை. 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தபோதும், பிறகு 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தபோதும் ஆட்களின் நம்பர்கள் அப்படியேதான் இருந்தன. நடந்தது வேறு. முற்கொடுப்பனவு (பிரீபெய்ட்) சிம்மைக் குறித்த காலம் பாவிக்காமல் விட்டால் முதலில் நாங்கள் எடுக்கிற கோல் நிற்கும், பிறகு வருகிற கோலும் நிற்கும். கடைசியில் நம்பரை வெட்டி, கொஞ்சக் காலம் வைத்திருந்து, இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

டவுணில் அந்தக் கம்பனியின் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. நம்பர் அத்தானின் பெயரில் இருக்கிறது, தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் அவர் நேரில் வந்து மீட்டிருக்கலாம், இப்போது வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றது. அத்தான் பிரான்சுக்குப் போய் ஆறு வருடம். பன்னிரண்டு வருடம் அம்மா பாவித்ததற்கு எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. எச்சரிக்கைச் செய்தி அனுப்பினோம் என்றார்கள். அதுவும் அந்தச் சிம்முக்கே போயிருக்கிறது. ஒரு வயதான மனுஷிக்கு இப்படிச் செய்யலாமா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்கியில் அம்மாவை நேரில் கூட்டிப்போய், அடையாள அட்டையும் புத்தகமும் காட்டி நம்பரை மாற்றினோம். அது ஒரு காலையில் முடிந்துவிட்டது.

அப்புறம் பழைய நம்பருக்குத் திரும்பவும் எடுத்தேன். குருநாகலில் ஒரு பொடியன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். வெளிநாட்டில் இருந்து கோல் வருகிறது, தமிழில் கதைக்கிறார்கள், ஒருவர் அழுதார், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றான். பிறகு அவனாகவே அம்மாவின் புது நம்பரைக் கேட்டு வாங்கினான். ஜெர்மனியில் இருக்கும் பெரியம்மாவின் கோல் அப்படித்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நம்பரைக் குறுஞ்செய்தியில் அவருக்கு அனுப்பியது அந்தப் பொடியன்.

புதுச் சிம்மை அம்மாவின் அட்டையிலேயே பதிந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அம்மா, அப்பாவின் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள். பாவிக்காத சிம் என்றாலும் மாதம் ஒருமுறை சின்னத் தொகை போட்டு ஒரு கோல் எடுத்து விடுங்கள்.

அம்மாவின் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருவர் மொன்றியலில் இருக்கிறார். அவர் கோலிங் கார்ட் போட்டு எடுக்கிறவர், நம்பர் விழாது. திருப்பி எடுக்க அம்மாவிடம் வழியில்லை. அவருடைய பெயரைச் சிங்களத்தில் எழுதிக் குருநாகலுக்கு அனுப்பியிருக்கிறேன்.