"வயசாயிடுச்சு" என்று சொல்லி ஐந்து மாதம் போனது: முதிய ராட்சத இன நாய்களோடு எங்கள் அனுபவங்கள்

பீமாவின் அப்பா:

பீமா கிரேட் டேன். அப்போது 66 கிலோ, வயது ஏழு. ஒரு நாள் காரில் ஏற மறுத்தான். முன்னங்கால் இரண்டையும் இருக்கையில் வைத்தான், அப்படியே நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான். நான் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே விட்டு, "வயசாயிடுச்சுடா உனக்கு" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தப் பேச்சோடு விஷயத்தை முடித்துக்கொண்டதில் ஐந்து மாதம் வீணாகப் போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிரேட் டேன் பொதுவாக வாழ்வதே ஏழிலிருந்து பத்து வருடம்தான். ஐந்து, ஆறு வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததே கெடுதலாகப் போனது. எழுந்திருக்க நேரமானதா, வயது. விருந்தாளி வந்தால் வாசலுக்கு ஓடவில்லையா, வயது. நடக்கும்போது பின்னங்கால் நகங்கள் தரையில் உரசிக் 'கிரீச்' என்று சத்தம் கேட்டதே, அதற்கும் வயதுதான் என்றேன். பழைய படம் ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். தொடையில் சதை பாதி கூட இல்லை. வலிக்கிற காலில் எடை போடாமல் போட்டு, சதை கரைந்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தது. டாக்டர் முதலில் கை வைத்தது மருந்தில் இல்லை, எடையில். விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமாம். பீமாவுக்குத் தட்டுப்படவில்லை. இவ்வளவு பெரிய உடம்பில் ஆறேழு கிலோ கூடுதலாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது, மூட்டுக்குத்தான் தெரியும். 48 லாப்ரடார்களை வைத்துப் பல வருடம் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். முடிவு 2002-இல் வந்தது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள், மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. லாப்ரடார் ராட்சத இனம் இல்லைதான். ஆனாலும் அன்றிலிருந்து உணவை எடை போட்டுத்தான் வைக்கிறேன். ஆறு மாதத்தில் 59 கிலோவுக்கு வந்தான். படி ஏறுவதில் முதல் மாற்றம் அப்போதே தெரிந்தது.

வலி மாத்திரையும் கொடுத்தோம். தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை, அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் நாயைக் கொன்றுவிடக்கூடும்.

நடைதான் நான் அதிகம் தப்பு செய்த இடம். வாரம் முழுக்க வேலை, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போவேன். அடுத்த இரண்டு நாள் படுத்தே கிடப்பான். நடையே வேண்டாம் என்று அதையும் நிறுத்தினேன், அது இன்னும் மோசம். சதை வேகமாகக் குறைந்தது. இப்போது தினமும் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். ஞாயிறென்றாலும் அதே அளவுதான். அவன் முகர்ந்துகொண்டு நின்றால் கயிற்றை இழுப்பதில்லை. ஒரு புதரைப் பத்து நிமிடம் முகர்ந்துவிட்டு வந்தாலும் நிறைவாகத்தான் வருகிறான். வாரம் இரண்டு நாள் தண்ணீருக்குள் டிரெட்மில். இடுப்பு வரை தண்ணீர் நின்றால் கால்கள் தாங்கும் எடை பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் தசைக்கு முழு வேலை. வீட்டில் உட்காரவைத்து எழுப்பும் பயிற்சி, ஒரு வேளைக்கு ஐந்து முறை. மெதுவாக, நேராக உட்கார்ந்து எழ வேண்டும். கால் ஒருபக்கமாகச் சரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தரையைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லையே என்று இன்னும் வருத்தம் உண்டு. வழுக்கும் டைல்ஸில் ஒருமுறை கால் விரிந்து விழுந்தவன், அதற்கப்புறம் அந்த அறைக்குள் வரவே பயந்தான். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் விரிப்பு போட்டோம். நகத்தை ஒட்ட வெட்டி, பாதத்து மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த முடியையும் கத்தரித்தோம். மறுநாளே தானாக எழுந்து சமையலறை வரை வந்து நின்றான்.

மேகாவின் அம்மா:

நீங்கள் எழுதிய ஐந்து மாதத்தைப் படித்ததும் எங்கள் மூன்று வாரம் நினைவுக்கு வந்துவிட்டது. மேகா செயின்ட் பெர்னார்டு. எட்டாவது வயதில் முன்னங்காலை நொண்டினாள். சுளுக்கு, மூட்டு வலி என்று நாங்களே முடிவு கட்டி ஓய்வு கொடுத்தோம். ஒரு நாள் குறைவாக இருக்கும், ஒரு நாள் கூடும். மூன்றாவது வாரம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே கைக்குத் தட்டுப்படும்படி ஒரு வீக்கம். எலும்புப் புற்றுநோய்.

ராட்சத இனங்களுக்கு இது மற்ற நாய்களைவிட மிக அதிகமாக வரும் என்பதும், பெரும்பாலும் கால் எலும்புகளில்தான் வரும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மூட்டுத் தேய்மான நொண்டல் தூங்கி எழுந்ததும் அதிகமாக இருந்து, கொஞ்சம் நடந்தபின் தளரும். மேகாவுக்கு அப்படித் தளரவே இல்லை, நடக்க நடக்கக் கூடியது. அந்த வித்தியாசத்தை நாங்கள் கண்ணால் பார்த்தும் யோசிக்கவில்லை.

காலை எடுக்க வேண்டும் என்றார்கள். இவ்வளவு கனமான நாய் மூன்று காலில் எப்படி நிற்கும் என்று நானும் என் கணவரும் இரவெல்லாம் பேசிப் பேசி அழுதோம். மற்ற மூட்டுகளும் நரம்புகளும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அறுவை செய்தார்கள். மறுநாள் மாலையே எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் கீமோ. பதினொரு மாதம் எங்களோடு இருந்தாள், அதில் பத்து மாதம் தோட்டத்தில் என் பின்னாலேயே நடந்தாள். வயதான பெரிய நாய் ஒரே காலைத் தொடர்ந்து நொண்டினால் அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

புருனோவின் அண்ணன்:

எங்களுக்கு வயிறு. புருனோவும் கிரேட் டேன், எட்டு வயது. இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் இருக்கும், நிலைகொள்ளாமல் அறைக்கு அறை நடந்தான். வாந்தி எடுக்க முயல்கிறான், எச்சில் நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. வயிறு மத்தளம் போல விறைத்திருந்தது. அம்மா "அஜீரணமா இருக்கும், காலையில பார்க்கலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, அப்போதே வண்டியை எடுத்தேன். இரைப்பை காற்று அடைத்து முறுக்கிக்கொண்டிருந்தது. விடியும் வரை காத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று மருத்துவர் சொன்னார். முறுக்கைப் பிரித்து, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டார்கள். அப்படித் தைத்தபின் மறுபடி முறுக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. வயது ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறுகிறது. அதனால் வேறு காரணத்துக்காக மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால், கூடவே இதையும் செய்யலாமா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கழுத்து வலிக்காமல் இருக்கட்டும் என்று கிண்ணத்தை உயரமான ஸ்டாண்டில் வைத்திருந்தோம். உயரமான கிண்ணத்தில் சாப்பிடும் பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்குவது அதிகம் என்று 2000-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறதாம். ஆனால் கழுத்துத் தண்டுவடத்தில் கோளாறு இருக்கும் நாய்க்கு உயரமும் தேவைப்படலாம். உங்கள் நாய்க்கு எது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். நாங்கள் தரைக்கு மாறினோம், ஒரே வேளையாக வைத்ததை மூன்றாகப் பிரித்தோம்.

கடலம்மாவின் வீட்டிலிருந்து:

எங்களுடையது நியூஃபவுண்ட்லாந்து, பத்து வயது. அவளுக்கு மாறியது குரல். குரைப்பு கரகரத்தது, அப்புறம் மூச்சு இழுக்கும்போது சத்தம். தொண்டையில் குரல்வளை சரியாகத் திறக்காத நோய். முதிய பெரிய நாய்களுக்கு வருவதுதானாம். பின்னங்கால் பலவீனமும் இதோடு சேர்ந்தே வரலாம் என்றார்கள், அவளுக்கும் வந்தது. இப்போது கழுத்துப் பட்டை கிடையாது, மார்புப் பட்டைதான். வெயில் ஏறுமுன் நடை முடிந்துவிடும். மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே நிழலும் ஈரத்துணியும்.

பீமாவின் அப்பா:

மேகாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி அம்மா. இரண்டு முறை படித்தேன்.

எழ முடியாத நாயைத் தூக்குவது எப்படி என்று உங்களில் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அகலமான துண்டை மடித்து வயிற்றின் கீழே, பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து இரண்டு நுனியையும் மேலே பிடியுங்கள். எழுவது அவன் வேலை, நாம் கொஞ்சம் எடையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண் நாய் என்றால் சிறுநீர் வரும் இடத்தை அழுத்தாமல் பாருங்கள். நாள்தோறும் தேவைப்பட்டால் கைப்பிடி வைத்த இடுப்புப் பட்டை வாங்கிவிடுவது நல்லது, உங்கள் முதுகும் முக்கியம்.

படுக்கை அவனுடைய முழங்கை அமுங்கித் தரையைத் தொடாத அளவு கெட்டியாக இருக்கட்டும். அப்புறம், தூங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள். எங்கள் டாக்டர் சொல்லி நான் வாரம் இருமுறை எண்ணி எழுதி வைக்கிறேன். இந்த இனத்துக்கு இதயத் தசை தளரும் நோய் அதிகம். நல்ல தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் காத்திருக்காமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். பீமாவுக்கு நேற்று 18.

அவனுக்கு இப்போது ஒன்பதரை வயது. காரில் குதித்து ஏற விடுவதில்லை, சாய்பலகை வைத்திருக்கிறேன். பலகையை எடுக்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து நின்றுகொள்கிறான்.