குபெர்நெட்டீஸ் கிளஸ்டரில் ஒரு குழுவின் வேலையால் மற்றவர்களின் டிஸ்க் திணறுகிறது, உதவி வேண்டும்

கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வகம். குபெர்நெட்டீஸ் (கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) 1.29, 6 நோடு (கணினி), ஒவ்வொன்றிலும் 16 கோர், 64 ஜிபி, ஒரே ஒரு எஸ்எஸ்டி. 4 ஆய்வுக் குழுக்கள், குழுவுக்கு ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் தனிப் பகுதி).

இரண்டு வாரமாக இரவு 11 மணிக்கு ஒரு குழுவின் பேட்ச் ஜாப் ஓடத் தொடங்கியதும் மற்றவர்களின் பாட்கள் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் தொகுப்புகள்) ரெடினெஸ் புரோப்பில் (பாட் தயாரா என்று பார்க்கும் சோதனை) டைம்அவுட் ஆகித் தயார் நிலையை இழக்கின்றன. சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, மெமரியும் தாராளம். ஐஓஸ்டாட்டில் (டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் கருவி) மட்டும் டிஸ்க் 100 சதவீதம். அந்த ஜாப் எம்ப்டிடிர்-இல் (பாட் இருக்கும்வரை நோடில் கிடைக்கும் சேமிப்பிடம்) தற்காலிகக் கோப்புகளை எழுதித் தள்ளுகிறது.

ரிசோர்ஸ் கோட்டா (நேம்ஸ்பேஸுக்கான மொத்த வரம்பு, தலா 20 கோர், 80 ஜிபி), லிமிட் ரேஞ்ச் (ஒவ்வொரு பாட் அல்லது கன்டெய்னருக்கான வரம்பு) இரண்டும் ஏற்கனவே உண்டு. எஃபிமெரல் ஸ்டோரேஜுக்கும் (தற்காலிகச் சேமிப்பு) வரம்பு வைத்தேன். அது அளவைத்தான் பிடிக்கிறது, எழுதும் வேகத்தை அல்ல. சிகுரூப் வி2-இல் (லினக்ஸில் வளங்களுக்கு வரம்பு வைக்கும் வசதி) ஐஓ.மேக்ஸை (டிஸ்க் வேக வரம்பு) கையால் எழுதினால் சரியாகிறது, ஆனால் பாட் புதிதாக எழும்போது போய்விடுகிறது. டெயின்ட் (மற்ற பாட்கள் வராமல் தடுக்கும் குறி) போட்டு ஒரு நோடை அந்தக் குழுவுக்குத் தனியாக ஒதுக்கிய இரவு எந்தப் பிரச்சினையும் இல்லை. நிரந்தரமாக அப்படி ஒதுக்க வசதியில்லை, மற்ற மூன்று குழுக்களுக்கும் அது நியாயமும் இல்லை.

நோடைப் பிரிக்காமல், நேம்ஸ்பேஸ் வாரியாக டிஸ்க் எழுதும் வேகத்துக்கு நிலையாக வரம்பு வைக்க நீங்கள் பயன்படுத்தும் வழி எது?